ஸ்கேன் கேள்வி-பதில்: ஆழத்துல இருக்கிறது கேக்கணும்னா கத்தக் கூடாது, நீளமா பேசணும்

போன இதழ்ல அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எப்படி வேலை செய்யுதுன்னு எழுதியிருந்தேன், உடம்புக்குள்ள சத்தம் அனுப்பி, எதிரொலி திரும்பி வர்ற நேரத்தை வெச்சு ஆழத்தைக் கணக்கு போட்டு படம் வரையுதுன்னு. கடைசில "புது மெஷின்ல கோடட் பல்ஸ்னு ஒன்னு இருக்கு"ன்னு ஒரே ஒரு வரி விட்டிருந்தேன், வந்த கேள்வில பாதிக்கு மேல அந்த ஒரு வரியைப் பிடிச்சுத்தான் வந்திருக்கு. ரொம்ப சந்தோஷம், ஏன்னா என் வேலைல பாதி வருஷம் அதோடதான் போச்சு.

கேள்வி: அம்மா கொஞ்சம் பருமன். வயித்து ஸ்கேன்ல "கல்லீரலோட பின்பக்கம் சரியா தெரியல"ன்னு எழுதிட்டாங்க. சத்தத்தைக் கூட்டி வெச்சா தெரிஞ்சிருக்காதா? நீங்க சொன்ன அந்த கோடட் மெஷின்ல தெரியுமா? (ஒரு வாசகி)

நியாயமான கேள்வி மேடம். முதல்ல சத்தம் உள்ள போகப் போக எவ்வளவு தேயுதுன்னு பாருங்க. நம்ம உடம்போட மெத்தென்ற திசுவுல தோராயமா ஒரு சென்டிமீட்டருக்கு, ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும், 0.5 டெசிபெல் குறையும். 5 மெகாஹெர்ட்ஸ் புரோப் (தோல் மேல வெச்சு சத்தம் அனுப்பி எதிரொலி வாங்கற கருவி) வெச்சு 10 சென்டிமீட்டர் ஆழத்தைப் பாக்கணும்னா சத்தம் போக 10, வர 10, மொத்தம் 20 சென்டிமீட்டர். 0.5 × 5 × 20 = 50 டெசிபெல். அதாவது பவர்ல லட்சத்துல ஒரு பங்குதான் மிச்சம், அதுவும் போற வழியில தேய்ஞ்சது மட்டும்தான், எதிரொலியே சின்னதா இருக்கிறது தனிக் கணக்கு. 10 மெகாஹெர்ட்ஸ் வெச்சா 100 டெசிபெல் போயிடும். அதனாலதான் ஆழத்துக்கு 3 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த புரோப்பை எடுக்கறாங்க, ஆனா அதுல அலைநீளம் பெரிசு, படம் மொத்தையா வரும். நுணுக்கமும் வேணும் ஆழமும் வேணும்னா ரெண்டும் ஒன்னை ஒன்னு இழுக்கும்.

சத்தத்தைக் கூட்டலாமான்னா, கூட்ட முடியாது. திசுவுல அழுத்தம் ஒரு அளவுக்கு மேல கீழ இறங்கினா நுண்குமிழி உருவாகி வெடிக்கற ஆபத்து இருக்கு, அதை அளக்கத்தான் ஸ்க்ரீன் ஓரத்துல எம்ஐ-ன்னு ஒரு நம்பர் ஓடும், மெக்கானிக்கல் இண்டெக்ஸ். அமெரிக்காவுல மருந்தையும் மருத்துவக் கருவியையும் கண்காணிக்கற எஃப்டிஏ அதுக்கு வெச்சிருக்கிற உச்சவரம்பு 1.9. இப்போ இந்த எம்ஐ உச்ச அழுத்தத்தையும் ஃப்ரீக்வென்சியையும் மட்டும்தான் பாக்குது, எவ்வளவு நேரம் சத்தம் போட்டோம்னு பாக்கறதில்ல. கோடட் பல்ஸ் நுழையற வழி அதுதான். கத்தக் கூடாதுன்னா சரி, அதே குரல்ல கொஞ்சம் நீளமா பேசிக்கலாம். நீளமா பேசினா மொத்த சக்தி கூடும், மெஷினோட எலக்ட்ரானிக் இரைச்சலுக்கு மேல எதிரொலி எழும்பி நிக்கும்.

ஆனா வெறுமனே நீளமா "ஊ...."ன்னு இழுத்தா பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு பொருளோட எதிரொலியும் ஒன்னோட ஒன்னு கலந்துடும். அதனால அந்த நீளத்துக்குள்ள ஒரு முத்திரை வெச்சு அனுப்பறோம், ஒரு ராகம் மாதிரி, ஆரம்பம் எது முடிவு எதுன்னு கண்டுபிடிக்கற மாதிரி. திரும்பி வந்ததும் டிஜிட்டல் ஃபில்டர் அந்த முத்திரையைத் தேடிப் பிடிச்சு மறுபடியும் ஒரு குட்டி புள்ளியா சுருக்கிடும்.

எவ்வளவு லாபம்? 20 மைக்ரோசெகண்ட் நீளம், 4 மெகாஹெர்ட்ஸ் ஃப்ரீக்வென்சி அகலம் உள்ள ஒரு சிர்ப் எடுத்துக்கங்க (சிர்ப்னா ஃப்ரீக்வென்சி வழுக்கிக்கிட்டே போற ஒரு நீளப் பல்ஸ், முத்திரைல ஒரு வகை), ரெண்டையும் பெருக்கினா 80, டெசிபெல்ல சொன்னா 19. நம்ம 5 மெகாஹெர்ட்ஸ் புரோப்ல ஆழத்துல ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் போக வர 5 டெசிபெல் தேயுது, அப்போ 19-ஐ 5-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் கூடுதல் ஆழம். இது பேப்பர் கணக்கு, நிஜத்துல இதைவிடக் குறையும், ஆனா பருமனான ஒருத்தரோட கல்லீரலுக்கு ரெண்டு சென்டிமீட்டர் கூடக் கிடைச்சாலே பெரிய விஷயம்.

இன்னொன்னையும் மறைக்காம சொல்லிடறேன். கொழுப்பு அடுக்குகள் சத்தத்தைத் தேய்க்கறது மட்டும் பண்ணல, கொஞ்சம் வளைச்சும் விடுது, ஏன்னா கொழுப்புல சத்தத்தோட வேகம் மெஷின் நினைச்சிருக்கிற செகண்டுக்கு 1540 மீட்டரைவிடக் குறைவு. அந்த வளைவை கோட் சரி பண்ணாது. உங்க அம்மாவுக்குப் படம் வராததுக்கு இரைச்சல் காரணமா வளைவு காரணமான்னு ஸ்கேன் பண்றவங்க நேர்ல பாத்துத்தான் சொல்ல முடியும். இந்தக் கேள்வி-பதில் முழுக்க நான் திரும்பத் திரும்ப இதையேதான் சொல்லப் போறேன், படத்துல இருக்கிற அழுக்கு எந்த வகைன்னு தெரியாம எந்த ஃபில்டரும் உதவாது.

கேள்வி: நீளமா போன பல்ஸ் எப்படி சார் மறுபடி குட்டியாகும்? மேட்ச்டு ஃபில்டர்னு புக்ல ஃபார்முலா இருக்கு, மண்டைல ஏறல. (எலக்ட்ரானிக்ஸ் மூணாம் வருஷ மாணவர்)

தம்பி, ஃபார்முலாவை மூடி வெச்சுட்டு ஒரு பேப்பர் எடு. +1 +1 −1-ன்னு எழுது. இதுதான் நாம அனுப்பற கோட், பார்க்கர் கோட்ல 3 நீளம் உள்ளது. இன்னொரு துண்டுப் பேப்பர்ல அதையே எழுதி, முதல் பேப்பருக்குக் கீழ வெச்சு ஒவ்வொரு கட்டமா நகத்து. நேருக்கு நேரா இருக்கிறதைப் பெருக்கிக் கூட்டு, அவ்வளவுதான் மேட்ச்டு ஃபில்டர் பண்ற வேலை.

சரியா பொருந்தி நிக்கும்போது 1+1+1, மூணு வரும். ஒரு கட்டம் நகத்தினா ஒரு ஜோடி +1, இன்னொரு ஜோடி −1, கூட்டினா சைபர். ரெண்டு கட்டம் நகத்தினா ஒரே ஜோடி, −1. அப்போ பொருந்தற இடத்துல 3, பக்கத்துல 0, அதுக்குப் பக்கத்துல −1. இப்போ கோடே இல்லாம +1 +1 +1 வெச்சு இதையே பண்ணிப் பாரு, 3, 2, 1-ன்னு சரிவா இறங்கும், எங்க பொருந்துச்சுன்னே தெளிவா தெரியாது. அந்த ஒரு மைனஸ் குறி எவ்வளவு வேலை செய்யுது பாரு!

இதையே 13 நீளத்துக்குப் பண்ணினா நடுவுல 13, சுத்தி எங்கேயும் 1-க்கு மேல வராது. பார்க்கர் கோட்ல அதுதான் நீளமானது, 13-க்கு மேல இதுவரைக்கும் ஒன்னும் கிடைக்கல. நடுவுல இருக்கிற உச்சிக்கு மெயின்லோப்னு பேரு, சுத்தி இருக்கிற குட்டிக் குட்டி மிச்சத்துக்கு சைடுலோப். 13-க்கு 1-னா வித்தியாசம் 22 டெசிபெல் சொச்சம். ரேடார்க்கு இது நல்லா இருக்கலாம், நமக்குப் பத்தாது. ஏன்னு அடுத்த கேள்விலயே வருது.

கேள்வி: நான் சோனோகிராஃபர். பித்தப்பைக்குள்ள சில நேரம் லேசா சாம்பல் புகை மாதிரி தெரியுது, கோடட் மோடை ஆஃப் பண்ணா குறையுது. அது நிஜமாவே உள்ள இருக்கிற கசடா, மெஷின் போடற வேஷமா?

மேடம், இந்தக் கேள்வியைப் படிச்சதும் நிமிந்து உக்காந்தேன், ஏன்னா இதே புகைல நானும் மாட்டியிருக்கேன்.

வேலைக்குச் சேந்த புதுசுல பேந்தம் வெச்சு சிர்ப் டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன், பேந்தம்னா திசு மாதிரி ஜெல் அடைச்ச டப்பா, உள்ள வரிசையா நைலான் இழையும், எதிரொலியே வராத சில வட்டமான குழியும் இருக்கும். சாதா பல்ஸ்ல 14 சென்டிமீட்டர்ல இருக்கிற இழை பனி கொட்டற மாதிரி இரைச்சலுக்குள்ள தொலைஞ்சு போயிருந்துச்சு. சிர்ப்புக்கு மாத்தினதும் அந்த இழை ஒரு வெள்ளைப் புள்ளியா பளிச்னு வந்து நின்னுச்சு, நான் அன்னிக்கு முழுக்க சிரிச்ச முகமாத்தான் இருந்தேன். சாயங்காலம் என் சீனியர் வந்து இழையைப் பாக்கவே இல்ல, நேரா குழியைக் காட்டி "இது கறுப்பா இல்லையே"ன்னாங்க. உண்மைதான், குழிக்குள்ள சாம்பல் பூசின மாதிரி இருந்துச்சு. மேலயும் கீழயும் இருந்த பளிச்சுன்னு எதிரொலிக்கற பகுதியோட சைடுலோப் எல்லாம் குழிக்குள்ள வழிஞ்சிருக்கு. நான் ஓரத்தைத் தேய்க்காம சிர்ப்பை அப்படியே அனுப்பியிருந்தேன், அப்படி அனுப்பினா முதல் சைடுலோப் வெறும் 13 டெசிபெல்தான் கீழ இருக்கும். ஸ்க்ரீன்ல நாம காட்டறதோ 60 டெசிபெல் வரைக்கும். அப்போ 13 எங்க, 60 எங்க.

இதுக்கு மருந்து என்னன்னா, சிர்ப்போட ரெண்டு ஓரத்தையும் மெதுவா ஏறி மெதுவா இறங்கற மாதிரி தேய்ச்சு அனுப்பணும், வாங்கற பக்க ஃபில்டர்லயும் ஓரத்தைத் தணிக்கற ஒரு விண்டோ போட்டு வேணும்னே கொஞ்சம் பொருந்தாம வைக்கணும், மிஸ்மேட்ச்டு ஃபில்டர்னு பேரு. மெயின்லோப் கொஞ்சம் அகலமாகும், லாபத்துல ஒன்னு ரெண்டு டெசிபெல் போகும், ஆனா குழி மறுபடி கறுப்பாகும். எனக்கு இது எப்பவும் சரியான பேரம்னுதான் படும், ஏன்னா இல்லாத ஒன்னை இருக்குன்னு காட்டற படம், மங்கலான படத்தைவிட மோசம்.

உங்க புகைக்கு வருவோம். இந்த வகை சைடுலோப் சத்தம் போற திசையில, அதாவது பளிச்சுன்னு இருக்கிற ஒரு பொருளுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் நீளும். பக்கவாட்டுல பரவியிருந்தா அது கற்றையோட அகலத்துல வர்ற வேற கோளாறு, முன்சுவரை ஒட்டி அடுக்கடுக்கா இருந்தா எதிரொலிக்கு எதிரொலி. நிஜக் கசடா இருந்தா பேஷண்டைத் திருப்பிப் படுக்க வெச்சா மெதுவா நகந்து கீழ தங்கும், வேஷமா இருந்தா புரோப் கோணத்தை மாத்தும்போது அது இடம் மாறும் இல்லைன்னா மறையும். ரெண்டு கோணத்துல, ரெண்டு மோடுல பாத்துட்டு எழுதுங்க. மோடை ஆஃப் பண்ணா "குறையுது"ன்னு எழுதியிருக்கீங்க, "போயிடுது"ன்னு எழுதல, அதனால கொஞ்சம் நிஜமும் இருக்கலாம்னு வெச்சுப் பாக்கறதுதான் நல்லது.

கேள்வி: இவ்வளவு டெக்னாலஜி வந்தும் இன்னும் ஏன் அந்த ஜில்லுனு ஜெல்லைத் தடவறாங்க?

புரோப்புக்கும் தோலுக்கும் நடுவுல மெல்லிசா காத்து இருந்தாலே போதும், சத்தம் கிட்டத்தட்ட முழுசா அங்கேயே திரும்பிடும், உள்ள போகவே போகாது. உள்ள போகாததை எந்த கோடும் எந்த ஃபில்டரும் மீட்க முடியாது. ஜெல் காத்தை வெளிய தள்ளுது. இதே காரணத்துக்காகத்தான் குடல்ல கேஸ் இருந்தா பின்னாடி இருக்கிறது தெரியறதில்ல.

கேள்வி: நான் அஞ்சு மாச கர்ப்பிணி. நீளமான பல்ஸ்னா குழந்தைக்கு அதிக சத்தம் போகுதுன்னுதானே அர்த்தம்? பயமா இருக்கு.

பயப்படாதீங்கம்மா, ஆனா கேட்டது சரிதான். முதல்ல சொன்ன எம்ஐ கோடட் பல்ஸால அதிகமாகாது, உச்ச அழுத்தம் அதேதான். ஆனா சராசரி சக்தி கூடும், சராசரி கூடினா திசு லேசா சூடாகலாம், அதுக்குத் தனியா டிஐ-ன்னு ஒரு நம்பர், தெர்மல் இண்டெக்ஸ், அதே ஸ்க்ரீன் ஓரத்துல இருக்கும். சராசரி சக்திக்கும் உச்சவரம்பு இருக்கு, எஃப்டிஏ கணக்குப்படி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட், கோட் போட்டாலும் போடாட்டியும் மெஷின் அதுக்குள்ளதான் ஓடணும். படம் கிடைக்கறதுக்கு எவ்வளவு குறைச்ச சக்தி போதுமோ அவ்வளவுதான் வைக்கணும், எவ்வளவு குறைச்ச நேரமோ அவ்வளவு நேரம்தான்னு ஸ்கேன் பண்றவங்களுக்கு விதியே இருக்கு. கோடால கிடைக்கற லாபத்தை இன்னொரு மாதிரியும் செலவு பண்ணலாம், அதே தெளிவுக்குச் சத்தத்தைக் குறைச்சுக்கலாம். மருத்துவர் சொன்ன ஸ்கேனைத் தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு கோலே கோட் எடுக்கலாமா, சிர்ப் எடுக்கலாமா? கோலேல சைடுலோப்பே வராதுன்னு படிச்சேன், அப்புறம் எல்லாரும் ஏன் அதையே யூஸ் பண்ணல?

கோலே ஒரு அழகான யோசனைப்பா. ரெண்டு கோட், ஜோடியா. சின்னதா சொல்றேன்: முதல் கோட் +1 +1, ரெண்டாவது +1 −1. முன்ன மாதிரி நகத்திப் பாத்தா முதல்ல பொருந்தற இடத்துல 2, பக்கத்துல 1. ரெண்டாவதுல பொருந்தற இடத்துல 2, பக்கத்துல −1. ரெண்டு தடவை சுட்டு, ரெண்டு பதிலையும் கூட்டினா 4, பக்கத்துல சைபர். சைடுலோப் ஒன்னை ஒன்னு தின்னுடுது, சுத்தமா. எவ்வளவு நீளத்துக்குப் போனாலும் இதே அழகுதான்.

ஆனா ரெண்டு தடவை சுடணும், அந்த இடைவெளில உள்ள இருக்கிறது நகரக் கூடாது. 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சத்தம் போய் வர கிட்டத்தட்ட 200 மைக்ரோசெகண்ட் ஆகும். 5 மெகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். செகண்டுக்கு 1 சென்டிமீட்டர் வேகத்துல நகர்ற கல்லீரல் அந்த நேரத்துல 2 மைக்ரான்தான் போயிருக்கும், பிரச்சனையே இல்ல. செகண்டுக்கு 10 சென்டிமீட்டர்ல துடிக்கற இதயச் சுவர் 20 மைக்ரான் போயிடும், போக வர 40, அலைநீளத்துல எட்டுல ஒரு பங்கு, அதுக்கே சைடுலோப் முழுசா தின்னாம கணிசமா மிஞ்சி நிக்கும். செகண்டுக்கு ஒரு மீட்டர் ஓடற ரத்தத்துல ஜோடிக் கணக்கு மொத்தமா உடைஞ்சுடும். ஃப்ரேம் ரேட்டும் பாதியாகுது.

சிர்ப் ஒரே தடவை சுட்டாப் போதும், நகர்ற பொருளையும் நல்லா தாங்கும். அதோட தலைவலி வேற. ஆழத்துக்குப் போகப் போக உயர்ந்த ஃப்ரீக்வென்சி அதிகமா தேயும், அதனால திரும்பி வர்ற சிர்ப்போட உயர்ந்த பக்கம் இளைச்சுப் போயிருக்கும், மேலோட்டமான இடத்துக்கு எழுதின ஃபில்டர் ஆழத்துக்குப் பொருந்தாது, ஆழத்துக்கு ஏத்த மாதிரி ஃபில்டரை மாத்திக்கிட்டே போகணும். ஓரம் தேய்ச்ச சிர்ப்பை அனுப்ப நல்ல லீனியர் ஆம்ப்ளிஃபையர் வேணும், கோலேக்கும் பார்க்கருக்கும் ப்ளஸ் மைனஸ் மட்டும் கொடுக்கற எளிமையான பல்ஸர் போதும். ரெண்டுக்கும் பொதுவான இன்னொரு சங்கடம், பேசிட்டிருக்கும்போது புரோப்பால கேக்க முடியாது. 20 மைக்ரோசெகண்ட் பேசினா தோலுக்குக் கீழ ஒன்றரை சென்டிமீட்டர் குருடு. அதனால மேல் பகுதிக்குக் குட்டி பல்ஸ், ஆழத்துக்கு கோட், ரெண்டையும் தைச்சு ஒரே படமா போடற வழி உண்டு.

ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டையும் எடு, தண்ணித் தொட்டில ஒரு இழையை மெதுவா நகத்தி, எந்த வேகத்துல கோலே உடையுதுன்னு வரைஞ்சு காட்டு. அந்த ஒரு கிராஃபே போதும்.

கேள்வி: இதெல்லாம் ரேடார்ல இருந்து வந்ததாமே?

ஆமா. மேட்ச்டு ஃபில்டர் 1943-ல டி.ஓ. நார்த் ரேடாருக்காக எழுதினது. பார்க்கர் கோட் 1953, அது டிஜிட்டல் செய்தி எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கறதுக்காக வந்தது. சிர்ப் ரேடார் பத்தின பெரிய கட்டுரையை பெல் லேப்ஸ்காரங்க 1960-ல போட்டாங்க, மார்செல் கோலே ஜோடிக் கோட் பத்தி 1961-ல எழுதினார். மருத்துவ ஸ்கேனுக்கு இது கொஞ்சம் லேட்டாத்தான் வந்துச்சு, ஒவ்வொரு சேனலுக்கும் வேகமான டிஜிட்டல் கணக்கு தேவைப்பட்டதால. மேத்யூ ஓ'டானல் 1992-ல ரியல் டைம் ஸ்கேனுக்கு கோடட் முறையைக் காட்டினார், 2005-ல டென்மார்க் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியோட மிசாரிடிஸும் யென்சனும் மூணு பாகமா எழுதின கட்டுரைகளை நான் இப்பவும் எடுத்துப் பாப்பேன். ஆனா வௌவால் இவங்க எல்லாருக்கும் முன்னாடியே சிர்ப் அடிச்சிட்டிருக்கு.

கேள்வி: டாப்ளர்ல வால் ஃபில்டரை ஏத்தி வெச்சா படம் சுத்தமா இருக்கு, இறக்கினா கலர் கண்டபடி தெறிக்குது. ஏத்தியே வெச்சுக்கலாமா? (பயிற்சியில இருக்கிற டெக்னீஷியன்)

வேண்டாம் தம்பி, தயவு செஞ்சு வேண்டாம். டாப்ளர்ங்கறது ரத்த ஓட்டத்தை கலர்ல காட்டற மோடு, அதுல வால் (wall, அதாவது சுவர்) ஃபில்டர் மெதுவா நகர்றதை எல்லாம் வெட்டி எறியும், ரத்தக்குழாய்ச் சுவர் நகர்றதை மறைக்கத்தான் அது இருக்கு. ஆனா மெதுவா ஓடற ரத்தமும் அதே கத்தில வெட்டுப்படும். 5 மெகாஹெர்ட்ஸ், 60 டிகிரி கோணம், ரத்தம் செகண்டுக்கு 5 சென்டிமீட்டர்னா டாப்ளர் ஷிஃப்ட், அதாவது ஓட்டத்தால எதிரொலியோட ஃப்ரீக்வென்சி மாறற அளவு, ஏறக்குறைய 160 ஹெர்ட்ஸ். 1 சென்டிமீட்டர்னா வெறும் 32. ஃபில்டர் 50-ல இருந்தா அந்த 32 உனக்குத் தெரியவே தெரியாது, "ரத்த ஓட்டம் இல்ல"ன்னு ரிப்போர்ட் போயிடும். விரைப்பை முறுக்கிக்கிச்சான்னு பாக்கற அவசரத்துல இப்படி ஒரு தப்பு நடந்தா என்ன ஆகும்னு யோசி. ஓட்டம் இல்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி ஃபில்டரை இறக்கு, வேக ஸ்கேலை இறக்கு, அதே செட்டிங்ல நல்லா இருக்கிற பக்கத்தையும் பாரு.

கேள்வி: புது மெஷின்ல படம் வழவழன்னு அழகா இருக்கு, பழசுல புள்ளி புள்ளியா இருந்துச்சு. அப்போ புதுசுதானே துல்லியம்?

அந்தப் புள்ளிக்கு ஸ்பெக்கிள்னு பேரு, அது இரைச்சல் இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன எதிரொலிகள் ஒன்னோட ஒன்னு கூடியும் கழிஞ்சும் வர்ற கோலம். அதே இடத்துல புரோப்பை அசைக்காம நூறு தடவை எடுத்து சராசரி போட்டாலும் அது போகாது, இரைச்சலா இருந்தா போயிருக்கும். கோடும் அதைக் குறைக்காது. வேற வேற கோணத்துல எடுத்துக் கலந்தா நேர்மையா குறையும், மெஷின்ல அதுக்கு காம்பவுண்டிங்னு பேரு. அது இல்லாம மென்பொருள்ல சும்மா வழிச்சு விட்டும் குறைக்கலாம், ஆனா அப்போ புள்ளியோட சேத்து ஒரு சின்னக் கால்சியத் துணுக்கும் வழிஞ்சு போக வாய்ப்பு இருக்கு. உங்க மெஷின்ல அந்த ஃபில்டருக்கு லெவல் 1, 2, 3-ன்னு ஒரு பட்டன் இருக்கும். சந்தேகமா ஒன்னு பட்டா அதை சைபர்ல வெச்சு ஒரு தடவை பாத்துடுங்க, நான் எப்பவும் அப்படித்தான் பாப்பேன்.